தமிழுக்கு ஒரு விசை, ஆங்கிலத்துக்கு ஒரு விசை

கிரயப் பத்திர வரைவு ஒன்றையாவது டைப் செய்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். விற்பவர் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் தமிழ். அடுத்த வரியில் பான் எண்: ஐந்து ஆங்கில எழுத்து, நான்கு இலக்கம், மறுபடி ஓர் ஆங்கில எழுத்து. பிறகு தமிழ். பணம் கட்டிய விவரம் வந்தால் பதினோரு இடத்து ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. வண்டி விற்பனை ஒப்பந்தம் என்றால் எங்கள் பக்கத்து டி.என். 22 நம்பர். ஒரு பக்கம் முடிவதற்குள் இரண்டு மொழிக்கும் இடையே கை ஓயாமல் போய்வருகிறது. ஆதம்பாக்கத்தில் ஜாப் டைப்பிங் கடை நடத்தும் எனக்கு இந்த மொழி மாற்றும் விசையைவிட முக்கியமான ஷார்ட்கட் கிடையாது.

அந்த விசை எது என்பதை மென்பொருள் எழுதியவர் முடிவு செய்கிறார். நாம் கேள்வி கேட்காமல் பழகிக்கொள்கிறோம். தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் அதைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்கிறேன்.

விண்டோஸில் வழக்கமாக இருப்பது இடது ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேர்ந்த விசை, அல்லது விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். இரண்டுமே மாற்றுவிசைகள். அழுத்தினால் இப்போது இருக்கும் மொழியிலிருந்து அடுத்ததற்குப் போகும். இப்போது எது இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாடிப்படி விளக்குக்கு மேலும் கீழும் சுவிட்ச் வைத்தது போல, சுவிட்ச் இருக்கும் நிலையைத் தொட்டுப் பார்த்து விளக்கு எரிகிறதா என்று சொல்ல முடியாது. டைப் செய்பவர் கண் மூலப் பிரதியில் இருக்கிறது. திரையின் மூலையில் இல்லை. நிமிர்ந்து பார்க்கும்போது அரை வரி வேறு மொழியில் போயிருக்கிறது. பட்டியலில் அமெரிக்க ஆங்கிலம், இந்திய ஆங்கிலம், தமிழ் என்று மூன்று இருந்துவிட்டால் ஒரு தட்டு போதுமா, இரண்டு தட்ட வேண்டுமா என்பதும் தெரியாது.

கணினியில் வெட்டு, நகல், ஒட்டு என்ற முறையை உருவாக்கிய லாரி டெஸ்லர், 2020-இல் மறைந்தவர், வாழ்நாளெல்லாம் போராடியது இதை எதிர்த்துத்தான். ஒரே விசை இருக்கும் நிலைக்கு ஏற்ப வெவ்வேறு வேலை செய்யக்கூடாது என்பது அவர் கொள்கை. கார் நம்பர் பலகையில்கூட அதை எழுதி வைத்திருந்தார். ஒரே விசைப்பலகையில் இரண்டு மொழி எழுதும் நமக்கு அதை முழுதாகத் தவிர்க்க வழியில்லை. ஆனால் தமிழுக்கென்று ஒரு விசை, ஆங்கிலத்துக்கென்று ஒரு விசை தனித்தனியே இருந்தால் போதும். ஏற்கெனவே தமிழில் இருந்தாலும் தமிழ் விசையை இன்னொரு முறை தட்டுவதால் நஷ்டமில்லை. சந்தேகம் வந்தால் தட்டிவிட்டுத் தொடரலாம்.

இது புது யோசனையும் அல்ல. சென்னையில் உருவான என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ் டைப்பிங் மென்பொருளில் ஆல்ட்டோடு 1 தமிழ்99 விசைப்பலகை, 2 ஒலிப்பு முறை, 3 பழைய தட்டச்சு, 0 தட்டினால் ஆங்கிலம். கை தானாகப் போகும். ஆனால் வேர்டு, எக்ஸெல் 2007-இலிருந்து ஆல்ட்டும் எண்ணும் சேர்ந்தால் மேல்பட்டையில் இருக்கும் கட்டளைகள் ஓடும். அங்கே மோதல் வந்தது. மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் மாற்றினார்கள், மற்றவர்கள் அவதிப்பட்டார்கள்.

விண்டோஸிலேயே தனி விசை வைக்க இடம் இருக்கிறது. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ். இத்தனை ஆழத்தில் புதைத்து வைத்திருப்பது எனக்குக் கோபம் தருகிறது. அங்கே ஒவ்வொரு மொழிக்கும் ஓர் எண் கொடுக்கலாம். கன்ட்ரோல், ஷிப்ட், 1 வேண்டாம். எக்ஸெலில் அது எண் வடிவம் மாற்றும் விசை. இடது ஆல்ட், ஷிப்ட், 1 தமிழுக்கும் 2 ஆங்கிலத்துக்கும் வைத்துக்கொண்டு, பழைய மாற்றுவிசையை நீக்கிவிடுங்கள். தேவையில்லாத இன்னொரு ஆங்கிலத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வேர்டில் இன்னொரு வசதி உண்டு. இன்சர்ட், சிம்பல் போனால் எந்தக் குறிக்கும் விசை ஒதுக்கலாம். பத்திரத்துக்கு மேற்படி என்பதற்கான ௸, ரூபாய்க்கு ௹. கல்யாணப் பத்திரிகைக்கு ௵, ௴, ௳. இவற்றை வேறு பக்கத்திலிருந்து தேடி எடுத்து ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்காது. இப்படி ஒதுக்கிய விசைகள் பொதுவாக நார்மல் டெம்ப்ளேட் கோப்பில் தங்கும். மெஷினை ஃபார்மட் போடுமுன் அந்தக் கோப்பை பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

தமிழ்99-ஐ அமைத்தவர்கள் விரல்களை நினைத்து அமைத்தார்கள். உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க ம இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். ‘ங’வை அடுத்து ‘க’ வந்தாலும் அப்படியே. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு அதைத் தரமாக ஏற்றது. மொழியைவிட்டு மொழி போகும் வாசல் மட்டும் அவரவர் பாடு என்று விடப்பட்டதாகவே எனக்குப் படுகிறது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகிற பலரை நான் தினமும் பார்க்கிறேன். தமிழ் மேல் பிரியம் இல்லாதவர்கள் அல்ல அவர்கள். மாற்றி மாற்றித் தடுமாறிக் களைத்தவர்கள்.

தட்டச்சுத் தேர்வும் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வும் நடத்துகிற தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடம் ஒரு வேண்டுகோள். கணினிப் பயிற்சியில் விசைகளை அமைப்பதற்கென்று ஒரு வகுப்பு வையுங்கள். செயல்முறைத் தேர்வில் உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிடம், மாணவர் தன் மொழி விசைகளைத் தன் கைக்குத் தக்கபடி அமைத்துக்கொள்ள விடுங்கள். அதற்குப் பிறகு கடிகாரத்தை ஓட விடுங்கள்.