கூடப் பிறக்காத அக்கா

"என் பொண்ணு அமெரிக்காவில் காலேஜில் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகிறது. இப்போது என்னவோ 'சொராரிட்டி'யில் சேரப் போகிறேன் என்கிறாள். அது ஹாஸ்டலா, கிளப்பா, இல்லை சினிமாவில் குடியும் கூத்துமாகக் காட்டுகிறார்களே, அதுவா? சரி என்பதா, வேண்டாம் என்பதா, ஒன்றும் புரியவில்லை" என்று ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார்.

நியாயமான கவலைதான். நமக்குத் தெரியாத ஒரு வீட்டுக்குள் நம் பெண் அடியெடுத்து வைக்கிறாள் என்றால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு 'கூடாது' என்று சொல்வதற்கு முன்னால், அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

லத்தீன் மொழியில் 'சோரோர்' என்றால் உடன்பிறந்தவள். அதிலிருந்து வந்ததுதான் சொராரிட்டி. கல்லூரி மாணவிகள் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் சகோதரிகள் சங்கம். இரண்டு மூன்று கிரேக்க எழுத்துக்களைச் சேர்த்துப் பெயர் வைத்திருப்பார்கள். ஒரே பெயரில் பல கல்லூரிகளில் கிளைகள் இருக்கும். ஒரு கல்லூரியில் இருக்கும் கிளையை 'சாப்டர்' என்பார்கள். படிப்பு முடிந்து, கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தச் சங்கத்தின் சகோதரிதான். ஆயுசுக்கும் விடாத உறவு!

எதற்காகத் தொடங்கினார்கள்?

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு அங்கேயும் பெண்கள் ஆண்களோடு கல்லூரியில் படிப்பது அபூர்வம். வகுப்பில் விரல் விட்டு எண்ணும்படி நாலைந்து பேர். ஆண் மாணவர்களின் கேலி ஒரு பக்கம், 'இதுகளுக்கு எதற்குப் படிப்பு' என்ற முணுமுணுப்பு இன்னொரு பக்கம். ஆண்களுக்குச் சங்கங்கள் இருந்தன. பெண்களுக்கு அதில் இடமில்லை.

1867ல் இல்லினாய் மாநிலத்து மன்மத் கல்லூரி மாணவிகள் 12 பேர், அவர்களில் இரண்டு பேர் வாடகைக்கு இருந்த வீட்டில் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய பை பீட்டா ஃபை. 1870ல் இந்தியானா மாநிலத்தில் நான்கே பெண்கள் சேர்ந்து கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார்கள். ஒருத்தி சோர்ந்து போனால் இன்னொருத்தி தோள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஊர் விட்டு வந்த பெண்ணுக்கு அக்காவும் தங்கையும் வேண்டியிருந்தது. கூடப் பிறந்தவர்கள் பக்கத்தில் இல்லை, அதனால் உண்டாக்கிக் கொண்டார்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

சேர்வது கிட்டத்தட்ட நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம் மாதிரிதான்! பெரிய பல்கலைக்கழகங்களில் படிப்பு தொடங்கும் சமயத்தில் சில நாட்களுக்குப் புதுப் பெண்கள் ஒவ்வொரு சங்கமாகப் போய்ப் பேசுவார்கள். இவர்கள் அவர்களைப் பார்ப்பார்கள், அவர்கள் இவர்களைப் பார்ப்பார்கள். நாளுக்கு நாள் பட்டியல் சுருங்கி, கடைசியில் இரு தரப்புக்கும் பிடித்திருந்தால் அழைப்பு வரும். சில வாரங்கள் புது உறுப்பினராக இருந்து சங்கத்தின் சரித்திரம், விதிமுறைகள் எல்லாம் கற்றுக்கொண்ட பிறகு, உறுப்பினர்கள் மட்டும் இருக்கும் ஒரு சடங்கில் முழுச் சகோதரியாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் ஒரு மூத்த மாணவியை 'பெரிய அக்கா'வாக நியமிப்பார்கள். எந்தப் பேராசிரியரின் வகுப்பு நன்றாக இருக்கும், காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போவது, வீட்டு ஞாபகம் வந்து அழுகை வந்தால் யார் கதவைத் தட்டுவது... எல்லாவற்றுக்கும் அவள்தான்.

பல சங்கங்களுக்குச் சொந்த வீடு உண்டு. முப்பது, நாற்பது பெண்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். மேற்பார்வைக்கு வயதான அம்மாள் ஒருவர் இருப்பதும் உண்டு. 'வீட்டு அம்மா' என்றே முன்பெல்லாம் அவரை அழைப்பார்கள். வீடே இல்லாத சங்கங்களும் நிறைய. வாரம் ஒரு கூட்டம். தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாருமே மாணவிகள்தான். இருபது வயதுப் பெண் ஒரு பெரிய குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்து, பாக்கி வைத்தவளிடம் மனம் நோகாமல் கேட்டு வாங்கி, சண்டை போட்ட இரண்டு பேரை ஒரே மேஜையில் உட்கார வைக்கிறாள் என்றால், குடித்தனம் நடத்துகிற நமக்குத் தெரியாதா அது எவ்வளவு பெரிய படிப்பு என்று!

மதிப்பெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பதவியில் இருக்க முடியாது. இத்தனை மணி நேரம் நூலகத்தில் படிக்க வேண்டும் என்றும் பல கிளைகளில் விதி உண்டு. குடி பற்றிக் கேட்டார் அல்லவா அந்தச் சகோதரி? பழைய பெரிய சங்கங்கள் சேர்ந்து 1902ல் ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தின. அதைச் சேர்ந்த சங்கங்களின் வீட்டுக்குள் பொதுவாக மது கூடாது. ஆனால் விருந்து வேறு வீட்டில் நடக்கலாமே! ஆண்கள் சங்கத்து வீடுகளில் மது தாராளம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பருத்திக் காட்டுக்குப் போன டாக்டர் அக்காக்கள்

சேவை, சேவை என்று எல்லாச் சங்கங்களும் சொல்லும். சில சமயம் அது ஒரு நாள் விற்பனைப் பந்தலோடும், போட்டோவோடும் முடிந்துவிடும். ஆனால் உண்மையான சேவை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

பழைய சங்கங்கள் வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும்தான் என்றிருந்த காலம். வாஷிங்டனில் கறுப்பின மக்களின் புகழ்பெற்ற ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், 1908ல் மாணவிகள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்பினக் கல்லூரிப் பெண்களுக்கு அதுதான் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம். 1913 ஜனவரியில் அதே இடத்தில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். சங்கம் பிறந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, மார்ச் 3ம் தேதி, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வாஷிங்டனில் நடந்த ஊர்வலத்தில் நடந்தார்கள். அதுதான் அவர்களுடைய முதல் பொதுக் காரியம்!

1935 கோடை. மிசிசிபி மாநிலத்தில் பருத்திக் காட்டில் விளைச்சலில் பங்குக்கு உழைக்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கு டாக்டர் என்பவரைப் பார்ப்பதே அரிது. குழந்தைகள் தொண்டை அடைப்பானுக்கும் அம்மைக்கும் பலியாகிக் கொண்டிருந்தார்கள். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் சகோதரிகள் சும்மா இருக்கவில்லை. டாக்டர் டாரதி ஃபெரபீ என்ற பெண்மணியின் தலைமையில் டாக்டர்களும் நர்ஸுகளும் ஆசிரியைகளுமாகத் தங்கள் கார்களிலேயே புறப்பட்டார்கள். அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்கள் தெற்கே அவ்வளவு தூரம் காரில் போவது லேசான விஷயமில்லை. வழியில் தங்க இடம் கிடைக்காது, சாப்பாடு கிடைக்காது.

போய்ச் சேர்ந்தால், பண்ணை முதலாளிகள் கூலியாட்களை வைத்திய முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள். 'சரி, அவர்கள் வராவிட்டால் நாம் போவோம்' என்று காரிலேயே மருந்தையும் ஊசியையும் ஏற்றிக்கொண்டு பருத்திக் காட்டுக்கே போனார்கள். மரத்தடியில் தடுப்பூசி. பல் வைத்தியம். என்ன சமைத்துக் கொடுக்க வேண்டும், எப்படிச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தோடு விடவில்லை, அடுத்தடுத்த கோடைகளிலும் போனார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைத்தது.

இந்தச் சங்கத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1958ல் 19 வயதில் தனியாகக் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 1986ல் ஹோவர்டில் இந்தச் சங்கத்தில் சேர்ந்தவர். 2020 ஆகஸ்டில் துணை ஜனாதிபதி வேட்பாளராகப் பேசியபோது தம் குடும்பம் யார் யார் என்று வரிசையாகச் சொன்னார். 'சித்திகள்' என்று தமிழிலேயே சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? அதே வரிசையில் இந்தச் சங்கத்தையும் குடும்பம் என்றே சேர்த்துச் சொன்னார். சித்தியும் சங்கத்து அக்காவும் ஒரே வரிசையில்!

இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து போன குடும்பத்துப் பெண்களுக்கென்று 1998ல் டெக்ஸாஸ் மாநிலத்தில் மட்டும் இரண்டு சங்கங்கள் தோன்றின. இன்று பல ஊர்களில் அவற்றுக்குக் கிளைகள் இருக்கின்றன.

அக்காவே ஆட்டி வைத்தால்?

இனி மறுபக்கம். 'நீ எங்களில் ஒருத்தி' என்று சொல்லும் எந்த இடத்திலும், 'நீ எங்களில் ஒருத்தி இல்லை' என்று சொல்லவும் ஓர் ஆள் இருப்பார். அலபாமா பல்கலைக்கழகத்தில் 1963ல்தான் கறுப்பின மாணவர்கள் போராடி உள்ளே நுழைந்தார்கள். சரியாக 50 வருஷம் கழித்து, 2013ல், அங்கே நன்றாகப் படிக்கும் ஒரு கறுப்பின மாணவியை வெள்ளையர் சங்கங்கள் ஒன்றுகூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? சங்கத்துப் பெண்களே மாணவர் பத்திரிகையிடம் சொன்னார்கள். 'எங்களுக்கு அவளைச் சேர்த்துக்கொள்ள ஆசைதான், படிப்பு முடித்துப் போன பெரியவர்கள்தான் குறுக்கே நின்றார்கள்' என்றார்கள். மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். நிர்வாகம் சேர்க்கையை மறுபடி திறக்க உத்தரவிட்டது. கறுப்பின மாணவிகள் சிலருக்கு அழைப்பு போனது. பெரியவர்கள் தப்புச் செய்தால் 'அது தப்பு' என்று சொல்லும் துணிச்சலும் அந்த வீட்டில்தான் வளர்ந்திருக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

அடுத்தது, நாம் மிகவும் பயப்பட வேண்டிய விஷயம். நம் ஊரில் 'ராகிங்' என்கிறோமே, அதற்கு அங்கே 'ஹேசிங்' என்று பெயர். விசுவாசத்தைச் சோதிக்கிறோம் என்று புதுப் பெண்ணைத் தூங்கவிடாமல் செய்வது, எடுபிடி வேலை வாங்குவது, வாய்க்கு வந்தபடி திட்டுவது, வற்புறுத்திக் குடிக்க வைப்பது. சங்கங்களின் சட்டப் புத்தகத்தில் இது கூடவே கூடாது. ஆனால் ராத்திரியில், கதவைச் சாத்திக்கொண்டு நடத்துபவர்கள் சட்டப் புத்தகத்தையா பார்க்கிறார்கள்? பிள்ளைகள் உயிரையே இழந்திருக்கிறார்கள். இங்கே தமிழ்நாட்டில் 1997ல் ராகிங்கைத் தடை செய்து சட்டம் வந்தது போல, அங்கே 2024 டிசம்பரில் நாடு முழுமைக்குமாக ஒரு சட்டம் வந்தது. ஹேசிங் நடந்தால் கல்லூரி அதை மூடி மறைக்காமல் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்கிறது அது. எந்தச் சங்கம் மாட்டியது என்று கல்லூரி வெளியிடும் அறிக்கையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பெண்ணிடம் கேட்க வேண்டியவை

சேர வேண்டுமா என்று உங்கள் பெண் கேட்டால், கோபப்படாமல் இவற்றை விசாரியுங்கள்.

ஒன்று, பணம். சந்தா எவ்வளவு, சங்கத்து வீட்டில் தங்கினால் எவ்வளவு, உடுப்புக்கும் விருந்துக்கும் தனியாக எவ்வளவு? இடத்துக்கு இடம் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கான டாலர் வரை வித்தியாசப்படும். எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இரண்டு, நேரம். வாரத்துக்கு எத்தனை மணி? பரீட்சை சமயத்தில் விடுவார்களா?

மூன்று, சாப்பாடும் உடம்பும். இத்தனை பெண்கள் ஒன்றாக இருக்கும் இடத்தில் 'நான் குண்டு, நீ ஒல்லி' என்ற பேச்சு தொற்றுநோய் மாதிரி பரவும். ஆனால் அதே வீடு மருந்தாகவும் இருக்க முடியும். டெக்ஸாஸின் டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் சங்கத்து மாணவிகளுக்கே பயிற்சி கொடுத்து, உடம்பைப் பழிக்கும் பேச்சை எதிர்த்துத் தங்கைகளோடு பேச வைத்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. இந்தக் கிளையில் அப்படி ஏதாவது உண்டா?

நான்கு, 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா? ஒரு வேலை பிடிக்காவிட்டால் மறுக்கலாமா? நடுவில் விலகலாமா? 'இதை அம்மாவிடம் சொல்லாதே' என்று எவராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். சடங்கு ரகசியமாக இருக்கலாம், துன்பம் ரகசியமாக இருக்கக் கூடாது.

போனில் குரல் தேய்ந்திருக்கிறதா, எப்போது பேசினாலும் தூக்கக் கலக்கமா, 'ஒன்றுமில்லைம்மா' என்று அவசரமாக வைத்துவிடுகிறாளா? கவனியுங்கள். ஆனால் போலீஸ்காரர் மாதிரி குறுக்கு விசாரணை வேண்டாம். 'என்ன நடந்தாலும் திட்ட மாட்டேன், சொல்லு' என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் அவள் சொல்வாள்.

நம் வீடுகளில் அக்கா என்றால் யார்? தன் பங்குத் தின்பண்டத்தில் பாதி கொடுப்பவள், தங்கையின் புத்தக மூட்டையையும் சேர்த்துச் சுமப்பவள். தன் மூட்டையைத் தங்கை தலையில் ஏற்றுகிறவள் அக்கா இல்லை. கிரேக்க எழுத்தில் பெயர் வைத்தாலும் சரி, தமிழில் வைத்தாலும் சரி, இந்த ஒரு கணக்கை வைத்துப் பார்த்தால் எந்தக் கிளை நல்லது, எது ஆகாது என்று நம் பெண்ணே கண்டுபிடித்துவிடுவாள்.

சேர்ந்து ஒரு வருஷம் ஆன பிறகு அவளிடம் ஒன்று கேளுங்கள்: "உனக்கு அங்கே எத்தனை அக்காக்கள்?" என்று இல்லை. "நீ யாருக்கு அக்காவாக இருக்கிறாய்?" என்று. அவள் ஒரு பெயரைச் சொல்லி, அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை, ஜுரம், அழுகை என்று கதை சொல்ல ஆரம்பித்தால், நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.