கிழவர் ஈரல் யாருக்கு ஆகும்?

நாவலூரில் பழைய டோல்கேட் இருந்த இடத்துக்குப் பக்கத்து டீக்கடை. உறுப்பு தானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

“எழுபது வயசு ஆளோட ஈரலை எடுத்து என்னப்பா பண்ணப் போறாங்க? கறிக்கடையிலேயே இளசாப் பார்த்துத்தானே வாங்குறோம்!” என்றார் ஒரு பெரியவர். கடையே சிரித்தது. நானும்தான்.

ஆனால் கறிக்கடைக் கணக்கு வேறு, ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு. இருதயம், சிறுநீரகம் போல கல்லீரல் சீக்கிரம் கிழடு தட்டாது. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரும் உறுப்பு அது. குடித்துக் கெடுத்த 30 வயது ஈரலைவிட, கொழுப்பு படியாத 75 வயது ஈரல் எவ்வளவோ மேல்!

அமெரிக்காவில் மிசவுரி மாநிலத்தைச் சேர்ந்தவர் ஓர்வில் ஆலன். இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர். 2024-ல் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். வயது 98! அவருடைய கல்லீரலை 72 வயதுப் பெண்மணிக்குப் பொருத்தினார்கள். ஸ்பெயின் நாட்டில் இறந்தபின் உறுப்பு தருபவர்களில் பாதிக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள்தான்.

இங்கே? 2008-ல் திருக்கழுக்குன்றம் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவனது பெற்றோர் தானம் கொடுத்தார்கள். நாடே கலங்கியது. அன்று முதல் தானம் என்றாலே விபத்தில் போன இளவட்டம்தான் நம் கண்முன் நிற்கிறது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து மூளைச்சாவு அடையும் தாத்தாவை யார் நினைக்கிறார்கள்? “அப்பாவுக்கு வயசாயிடுச்சு, விடுங்க” என்று வீட்டாரே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர் அல்லவா? 2023-ல் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்த அரசு மரியாதைகூட வயது பார்த்து வருவது இல்லையே!

சிக்கலே இல்லை என்று புளுக மாட்டேன். வயதான ஈரல் ஐஸ் பெட்டியில் அதிக நேரம் தாங்காது. சீக்கிரம் கொண்டுபோய்ப் பொருத்தணும். 2014-ல் போலீசார் வழிவிட்டு, சென்னை ஜி.எச்.சிலிருந்து அடையாறுக்கு 14 நிமிஷத்துக்குள் ஓர் இருதயம் போனது. மனசு வைத்தால் முடியும். வாங்குகிறவரிடமும் வயதை மறைக்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

இன்னொன்று: ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு உறுதியானால்தான் ஈரல். வீட்டில் இறந்தவரிடம் கண்களை எடுக்கலாம், அதுவும் 6 மணி நேரத்துக்குள்.

எல்லாம் கேட்ட பெரியவர், “எனக்கு 68 தம்பி. என்னுதை எடுப்பாங்களா?” என்றார்.

“அதை டாக்டர் பார்த்துச் சொல்வாருங்க. நீங்க இன்னிக்கே வீட்டுல சொல்லி வைங்க” என்றேன்.