ஆக்சிஜன் சென்சாரை நம்பி வீட்டிலேயே காரை ட்யூன் பண்ணலாமா?

சில நூறு ரூபாய்க்கு ஓபிடி டாங்கிள் கிடைக்குது. காரில் செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்தால் ஆக்சிஜன் சென்சார் ரீடிங் திரையில் ஓடும். மைலேஜ் குறைந்த கடுப்பில் 'நாமே ட்யூன் பண்ணிடலாமே' என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்க.

அந்த சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பல கார்களில் இருக்கும் நேரோபேண்ட் சென்சார், 0.45 வோல்ட்டுக்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம், கீழே இறங்கினால் குறைவு என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் பதில் இருக்காது. 0.1-க்கும் 0.9-க்கும் இடையே அது ஊசலாடுவதும் கோளாறு இல்லை, அதன் வேலையே அதுதான்.

சிக்கல் இங்கேதான். ஒரு ஸ்பார்க் பிளக் மக்கர் பண்ணினால், எரிக்காத ஆக்சிஜன் அப்படியே வெளியேறும். சென்சாரோ 'பெட்ரோல் பத்தலை' என்று காட்டும். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டினால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடலாம். மைலேஜில் மிச்சம் பிடிக்கப் போய் அந்த பில்லைக் கட்டணுமா?

டாங்கிள் தாராளமா வாங்குங்க. ஆனால் பார்க்க வேண்டியது ஃபியூவல் ட்ரிம். அது தொடர்ந்து 10 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் பிளக், ஏர் ஃபில்டர், வேக்யூம் ஹோஸ் மூன்றையும் செக் பண்ணுங்க. ட்யூனிங் சாஃப்ட்வேர் பக்கம் போறதெல்லாம் அப்புறம், அதுவும் வைட்பேண்ட் சென்சார் மாட்டிய பிறகு.