வெளிநாட்டு டூர், கூடவே பள்ளிக்கூடச் சேவை: உதவியா, உபத்திரவமா?

அங்கோர்வாட் பார்க்க கம்போடியா, டிரெக்கிங் போக நேபாளம் என்று கிளம்பும் இளைஞர்கள் சிலரின் பயணத் திட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: ‘இரண்டு நாள் ஒரு பள்ளிக்கூடத்திலோ, குழந்தைகள் காப்பகத்திலோ வாலன்டியர் வேலை’. கிளம்புவதற்கு முன் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் நிதி திரட்டுவது, போன இடத்தில் நோட்டு, பென்சில் கொடுப்பது, கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது, குழந்தைகளோடு ஒரு செல்ஃபி. ஊர் சுற்றின மாதிரியும் ஆச்சு, நாலு பேருக்கு நல்லது செய்த மாதிரியும் ஆச்சு.

நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், இப்படி வந்த பணமும் ஆட்களும் சில நாடுகளில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் காரணமாகியிருக்கிறார்கள். அதுவும் ‘கல்வி’ என்ற பெயரிலேயே. எப்படி? பார்ப்போம்.

‘வாலன்டூரிசம்’ என்றால் என்ன?

வாலன்டியர் வேலையும் டூரிசமும் சேர்ந்ததுதான் வாலன்டூரிசம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஏஜென்சிகள் விற்கும் பேக்கேஜ். தங்குமிடம், சாப்பாடு, ‘புராஜெக்ட் கட்டணம்’ எல்லாம் சேர்த்து வாலன்டியரே பணம் கட்ட வேண்டும். இன்னொன்று, சுற்றுலா போன இடத்தில் யாரோ அழைத்துப்போக, நேரடியாக ஒரு காப்பகத்துக்கோ பள்ளிக்கோ போய் நிற்பது.

வீடு கட்டுவது, கடல் ஆமைகளைக் காப்பது என்று எத்தனையோ வேலைகள் இருந்தாலும் குழந்தைகளோடு இருப்பதற்குத்தான் ஆட்கள் எளிதில் வருகிறார்கள். அதற்குத் தனித் தகுதி தேவையில்லை என்ற நினைப்புதான் காரணம். ‘நமக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, போதாதா?’

கம்போடியாவில் நடந்தது என்ன?

யுனிசெஃப் உதவியுடன் நடந்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. அதன்படி, 2005-ல் கம்போடியாவில் 154 காப்பகங்கள் இருந்தன. 2010-ல் அது 269 ஆனது. ஐந்தே ஆண்டுகளில் 75% வளர்ச்சி. அங்கிருந்த குழந்தைகள் கிட்டத்தட்ட 12,000 பேர்.

இத்தனைக்கும் அந்த நாட்டின் உள்நாட்டுப் போர் 1990-களிலேயே முடிந்துவிட்டது. 2005-க்குப் பிறகு திடீரென்று பெற்றோரை இழந்த குழந்தைகள் பெருகவில்லை. பெருகியவர்கள் சுற்றுலாப் பயணிகள்தான். 2005-ல் சுமார் 14 லட்சம் வெளிநாட்டினர் வந்த நாட்டுக்கு, 2010-ல் சுமார் 25 லட்சம் பேர் வந்தார்கள்.

இன்னொரு தகவல்தான் பலரையும் அதிரவைத்தது. காப்பகங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். பிறகு ஏன் அனுப்பினார்கள்? வறுமை ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், படிப்பு. ‘அங்கே அனுப்பினால் பிள்ளை நல்லா படிக்கும், இங்கிலீஷ் பேசும்’ என்று நம்பித்தான் கிராமத்துப் பெற்றோர் அனுப்பினார்கள்.

இந்தச் சங்கிலியைக் கவனியுங்கள். வெளிநாட்டுப் பயணி, காப்பகத்துக்குப் பணம் கொடுக்கிறார். பணம் வருவதால் காப்பகங்கள் பெருகுகின்றன. காப்பகம் இயங்கக் குழந்தைகள் தேவை. ‘படிக்க வைக்கிறோம்’ என்று சொல்லி ஏழை வீடுகளிலிருந்து அழைத்துவருகிறார்கள். நாளைக்கு வரும் பயணி, அந்தக் குழந்தைகளைப் பார்த்து மேலும் பணம் கொடுக்கிறார். இந்தச் சங்கிலியில் கெட்ட எண்ணத்தோடு ஒருவர்கூட இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் முடிவில் ஒரு குழந்தை அம்மாவை விட்டுப் பிரிந்து நிற்கிறது.

சில காப்பகங்களில் கெட்ட எண்ணமும் இருந்தது. குழந்தைகளை ஒட்டி உலர்ந்த கோலத்தில் வைத்திருந்தால்தான் நன்கொடை வரும் என்று கணக்குப் போட்ட நடத்துநர்களும் உண்டு. ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல’ என்று கம்போடியாவில் ஒரு பிரசாரமே நடத்த வேண்டியிருந்தது.

நேபாளத்தில்?

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். ‘பிள்ளைகளை எங்களிடம் கொடுங்கள், காத்மாண்டுவில் பத்திரமாக இருப்பார்கள், படிப்பார்கள்’ என்று சொல்லிப் பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு குழந்தைகளை அழைத்துவந்தார்கள்.

2004-ல் உலகம் சுற்றக் கிளம்பிய அமெரிக்க இளைஞர் கானர் கிரெனன், காத்மாண்டு அருகே கோதாவரியில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் வாலன்டியராகச் சேர்ந்தார். பெற்றோர் இல்லாதவர்கள் என்று அவர் நினைத்திருந்த குழந்தைகளுக்கு, மலையில் அப்பா அம்மா இருப்பது பின்னால்தான் தெரியவந்தது. ஹும்லா போய், மலைக் கிராமங்களில் கால்நடையாகவே அந்தக் குடும்பங்களைத் தேடினார். குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்க்க 2006-ல் ஓர் அமைப்பையும் தொடங்கினார். ஒரு வாலன்டியர் உண்மையிலேயே பயன்பட்ட கதை இது. ஆனால் பாடம் நடத்தியதால் அல்ல. அங்கேயே தங்கி, கேள்வி கேட்டு, குடும்பத்தைத் தேடியதால்.

நேபாளத்தில் காப்பகங்கள் பெரும்பாலும் எங்கே இருந்தன தெரியுமா? வறுமை அதிகமுள்ள மலை மாவட்டங்களில் அல்ல. காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வான் என்று சுற்றுலாப் பயணிகள் போகும் இடங்களில்தான். தேவை இருக்கிற இடமும் காப்பகம் இருக்கிற இடமும் பொருந்தவில்லை என்றால், அது யாருக்காக நடக்கிறது என்ற கேள்வி வரத்தானே செய்யும்?

ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைத்தனத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, லாபத்துக்காகக் குழந்தைகளைக் காப்பகங்களுக்குக் கடத்துவதையும் அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமும் காப்பக வாலன்டியர் சுற்றுலாவின் ஆபத்தைக் குறிப்பிட்டது.

‘நான் போறது காப்பகம் இல்லை, ஸ்கூல்தான்’ என்றால்?

அது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது: ஒரு வாரத்தில் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?

திங்கள்கிழமை வந்த வாலன்டியர் நிறங்களின் பெயரைச் சொல்லிக்கொடுப்பார். அடுத்த வாரம் வருபவரும் அதையே சொல்லிக்கொடுப்பார். குழந்தைகள் வருஷம் முழுக்க ‘ரெட், புளூ, கிரீன்’ பாடிக்கொண்டிருப்பார்கள். வகுப்பு ஆசிரியர் ஓரமாக நிற்பார். அவருடைய பாடத்திட்டம் தள்ளிப்போகும்.

வாலன்டியர் முறையே பயனற்றது என்று அர்த்தமில்லை. அதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் வகுப்பு எடுத்தார்கள். பெரும்பாலும் அதே தெருவில், அதே ஊரில் வசிக்கும் பெண்கள். அபிஜித் சிங், மொரீசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் இதை ஆய்வு செய்தார்கள். பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் குழந்தைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பக் கிடைத்தது. அந்த மீட்சியில் சுமார் 24% இந்தத் திட்டத்தால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

என்ன வித்தியாசம்? இந்தத் தன்னார்வலருக்குக் குழந்தையின் மொழி தெரியும், வீடு தெரியும். நாளைக்கும் வருவார்.

பணம் மட்டும் திரட்டிக் கொடுத்தால்?

நேரம் கொடுப்பதைவிடப் பணம் கொடுப்பது பல நேரங்களில் நல்லது. ஆனால் அதிலும் பள்ளம் இருக்கிறது. அமெரிக்க மலையேற்ற வீரர் கிரெக் மார்ட்டென்சன் கதையே உதாரணம்.

1993-ல் பாகிஸ்தானில் உள்ள கே2 சிகரத்தில் ஏறும் முயற்சியில் தோற்றுத் திரும்பியவர் அவர். அந்த மலைப் பகுதி கிராமம் ஒன்றில் பள்ளி கட்டித்தருவதாக வாக்குக் கொடுத்தார். அதற்காக ஓர் அமைப்பு, 2006-ல் ஒரு புத்தகம், உலகப் புகழ், கோடிக்கணக்கில் நன்கொடை. அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமாகூட தன் நோபல் பரிசுப் பணத்திலிருந்து 1 லட்சம் டாலர் கொடுத்தார். 2011-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியும் எழுத்தாளர் ஜான் கிராக்கவரும் கேள்வி எழுப்பினார்கள்: புத்தகத்தில் சொன்ன சம்பவங்கள் உண்மையா? சொன்ன பள்ளிகளெல்லாம் இயங்குகின்றனவா? மான்டானா மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்தார். அமைப்பின் பணம் முறையாகக் கையாளப்படவில்லை என்று 2012-ல் அறிக்கை வந்தது. சுமார் 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுக்க மார்ட்டென்சன் ஒப்புக்கொண்டார்.

பல பள்ளிகள் உண்மையாகவே கட்டப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கட்டடம் எழுப்புவது ஒருமுறைச் செலவு. ஆசிரியர் சம்பளம் மாதாமாதச் செலவு. புகைப்படத்துக்கு அழகாக இருப்பது முதலாவது. குழந்தை படிப்பது இரண்டாவதால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

*விசா:* ‘சம்பளம் வாங்கலையே, அப்புறம் என்ன?’ என்று நினைக்க வேண்டாம். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் இருப்பவர், சம்பளம் வாங்காமலும் வேலை செய்யக் கூடாது. இந்தியர்களுக்கு அங்கே விசா தேவையில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர் கூட வந்தால் அவருக்கு இது பொருந்தும். பிரிட்டனில் சாதாரண விசிட்டர் விசாவில், பதிவு செய்த அறக்கட்டளைக்கு மட்டும், மொத்தம் 30 நாள்வரை சேவை செய்யலாம். போகும் நாட்டின் விதியை டிக்கெட் போடும் முன்பே பாருங்கள்.

*இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப:* ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்வரை அனுப்பலாம். நன்கொடையும் இதில் அடக்கம். ஆனால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான்.

*வெளிநாட்டில் திரட்டி நம் ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்க:* இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக் குடிமகன் கொடுக்கும் பணம், எஃப்சிஆர்ஏ சட்டப்படி ‘வெளிநாட்டுப் பங்களிப்பு’. வாங்கும் அறக்கட்டளைக்கு அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் எஸ்பிஐ புதுடெல்லி பிரதானக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் கட்டுப்பாடு உண்டு. ‘என் அக்கவுன்ட்ல போடுங்க, நான் மாத்தி விடுறேன்’ என்பதும் தப்பிக்கும் வழி இல்லை. பணத்தின் மூலம் வெளிநாடாக இருந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான்.

சிங்கப்பூரில் வேறு நாட்டு நற்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டவும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

அப்போ உதவவே வேண்டாமா?

நிச்சயம் வேண்டும். ஒரேயடியாக எல்லோரும் கையை இழுத்துக்கொண்டால், ஏற்கெனவே காப்பகத்தில் இருக்கும் குழந்தைகள்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். அதனால்தான் கம்போடிய அரசு, ஐந்து மாகாணங்களில் காப்பகக் குழந்தைகளில் 30% பேரைக் குடும்பங்களோடு சேர்ப்பது என்று படிப்படியான இலக்கை வைத்தது. இந்த வேலைக்கும் பணம் வேண்டும். ஆனால் அது காப்பகத்தை வளர்க்கும் பணம் அல்ல, குழந்தையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் பணம். இது செலவு குறைந்த வழியும்கூட. தான்சானியாவின் ககேரா பகுதியில், காப்பகத்தில் ஒரு குழந்தைக்கு ஆன செலவு, வளர்ப்புக் குடும்பத்தில் வைத்துப் பார்க்கும் செலவைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்று உலக வங்கி கணக்கிட்டது.

பணமோ நேரமோ கொடுக்கும் முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்தக் குழந்தைகள் இரவு எங்கே தூங்குகிறார்கள்? சொந்த வீட்டில் என்றால் நல்லது. காப்பகத்தில் என்றால், பெற்றோர் எங்கே, வீட்டுக்கு அனுப்ப என்ன முயற்சி நடக்கிறது என்று கேளுங்கள்.

2. முன்பின் தெரியாத என்னை, எந்தச் சோதனையும் இல்லாமல் குழந்தைகளிடம் விடுகிறார்களா? விட்டால், வேறு யாரையும் அப்படித்தான் விடுவார்கள்.

3. நான் செய்யும் வேலையை உள்ளூர்க்காரர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்ய முடியுமா? முடியும் என்றால், அந்தச் சம்பளத்தைக் கொடுப்பதே சிறந்த உதவி.

4. தணிக்கை செய்த கணக்கு இருக்கிறதா? கட்டடத்துக்கு எவ்வளவு, ஆசிரியர் சம்பளத்துக்கு எவ்வளவு?

5. நம் ஊர்ப் பள்ளியில் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து என் பிள்ளையை மடியில் வைத்து போட்டோ எடுத்துப் பதிவு போட்டால் எனக்குச் சம்மதமா?

கையில் தொழில்திறமை இருக்கிறதா? அக்கவுன்டன்ட் என்றால் அமைப்பின் கணக்கைச் சரிசெய்து கொடுக்கலாம். ஐடி வேலை என்றால் மென்பொருள் அமைத்து, அங்குள்ள ஊழியர்களுக்குப் பயிற்சி தரலாம். ஆசிரியர் என்றால் அங்குள்ள ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசலாம். இவை எதற்கும் குழந்தைகளோடு நேரம் கழிக்க வேண்டிய அவசியமில்லை. பாதி வேலையைச் சென்னையில் இருந்தபடியே செய்து முடிக்கலாம்.

அடுத்த முறை சியெம் ரீப்பில் டுக்-டுக் ஓட்டுநர், ‘பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கு, பார்க்கலாமா?’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கே போங்கள். அங்கே கொடுக்க நினைத்த தொகையை, ஓர் உள்ளூர் ஆசிரியரின் சம்பளத்துக்கு மாதாமாதம் போகும்படி ஒரு நல்ல அமைப்புக்கு அனுப்புங்கள். போட்டோ கிடைக்காது. குழந்தை இரவு தன் வீட்டில் தூங்கும், காலையில் பள்ளிக்கூடம் போகும்.