சுடவைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

சாப்பாட்டுக் கடைக்குள் நுழையும்போது வாசலில் பச்சை அட்டை இருக்கிறதா என்று எம்மில் பலர் பார்க்கிறோம். 2001 ஆம் ஆண்டு ரொறன்ரோவில் தொடங்கிய டைன்சேஃப் திட்டத்தின் கீழ், சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து பார்த்து ஒட்டும் அட்டை அது. பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் குறைகளைத் திருத்த வேண்டும், சிவப்பு என்றால் கடை மூடப்பட்டது. எம்மவர் கடையில் மஞ்சள் தொங்கினால் சென் ஜேம்ஸ் ரவுணின் எல்லா மாடிகளுக்கும் அன்றே கதை போய்விடும். நல்லதுதான். ஆனால் எமது வீட்டுச் சமையலறைக்கு அட்டை ஒட்ட யாரும் வருவதில்லை. வந்தால் எத்தனை பேருக்குப் பச்சை கிடைக்கும்?

எமது வீடுகள் துப்புரவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கூட்டித் துடைப்பதில் எம்மவர் குறை வைப்பதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. இரவு சமைத்த சோறும் கோழிக்கறியும் விடியும்வரை அடுப்பின் மேலேயே இருக்கின்றன. வெளியே பனி கொட்டினாலும் மாடிவீட்டினுள் 21 பாகை செல்சியஸ் வரை சூடு. 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலைதான் கிருமிகள் பெருக ஏற்றது. வாய்ப்பான சூழலில் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரேயொரு கிருமி 7 மணித்தியாலத்தில் 20 இலட்சத்தைத் தாண்டிவிடும்.

"காலையில் கொதிக்கக் கொதிக்கச் சுடவைத்துத்தானே சாப்பிடுகிறோம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். சூடு கிருமியைக் கொல்லும். ஆனால் சில கிருமிகள் உணவில் விட்டுச்சென்ற நச்சை அது அழிக்காது. சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் அப்படியான ஒன்று. அதன் வித்திகள் அரிசி கொதிக்கும்போதும் சாவதில்லை. ஆறிய சோற்றில் முளைத்து நச்சை உண்டாக்கும். எமது தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்ரபிலோகொக்கஸ் இன்னொன்று. 2013 ஆகஸ்டில் ரொறன்ரோ சீ.என்.ஈ. கண்காட்சியில் குரோநட் பேர்கர் சாப்பிட்ட 200 இற்கும் மேற்பட்டோர் வாந்தியும் வயிற்றோட்டமுமாக விழுந்தார்கள். அதில் பூசிய ஜாமில் இருந்த ஸ்ரபிலோகொக்கஸ் நச்சே காரணம் என்று பொதுச் சுகாதாரப் பிரிவு கண்டறிந்தது. அந்த நச்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மணந்து பார்த்து "பழுதாகவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

"ஊரில் பழஞ்சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள்" என்றும் சொல்வார்கள். பழஞ்சோறு தண்ணீரில் ஊறிப் புளித்த உணவு. அந்தப் புளிப்பே பல கிருமிகளைத் தடுக்கும். சட்டியில் கிடக்கும் இறைச்சிக்கறிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஊரில் அந்தந்த வேளைக்குச் சமைத்தோம். இங்கே இரண்டு வேலைக்கு ஓடுவதால் ஞாயிற்றுக்கிழமை சமைத்து வாரம் முழுவதும் சாப்பிடுகிறோம். வாழ்க்கை மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு மனக்கஷ்டமும் உண்டு. போரிலும் இடப்பெயர்விலும் ஒரு பிடி சோற்றுக்கு வரிசையில் நின்றவர்களுக்குச் சாப்பாட்டைக் கொட்ட மனம் வராது. அது எமக்கும் விளங்குகிறது. ஆனால் கொட்டாமல் இருக்க வழி, நேரத்துக்கு எடுத்து வைப்பதுதான். கெட்டதைச் சாப்பிடுவதல்ல. முதியவர்கள், சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், நீரிழிவு நோயாளர் ஆகியோருக்கு இது வெறும் வயிற்றுவலியோடு போகாது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சமைத்து முடிந்து 2 மணித்தியாலத்துக்குள் உணவைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பெரிய சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி ஆற நேரமெடுக்கும். தட்டையான சிறிய பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். பெட்டியின் உள்ளே 4 பாகை அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். குளிர்காலம் என்று பல்கணியில் சட்டி வைக்க வேண்டாம். வெயில் பட்டால் சூடேறும், புறாவும் வரும். தேவையான அளவை மட்டும் எடுத்து ஒருமுறை நன்றாகச் சுடவையுங்கள். சமைக்க முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

கடைசியாக, பொது நிகழ்ச்சிகள். பிறந்தநாள் விழாவிலும் சங்க ஒன்றுகூடலிலும் மாலை 5 மணிக்கு வந்த அலுமினிய ட்றேக்கள் பேச்சும் நடனமும் முடிய இரவு 9 மணிக்குத்தான் திறக்கப்படுகின்றன. மிஞ்சியதைப் பார்சல் கட்டி வீட்டுக்கும் கொடுத்துவிடுகிறோம். அன்பாகத்தான் கொடுக்கிறோம், ஆனால் என்ன கொடுக்கிறோம்? முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு என்று நிகழ்ச்சி நிரலை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதை மற்றவர்களுக்குச் சொல்லும் முன் எமது சங்கமே செய்து காட்ட வேண்டும் என்பது எமது கருத்து. பேச்சாளர்கள் கோபிக்கலாம். பசித்திருக்கும் சபையோர் கோபிக்க மாட்டார்கள்.