கண்ணாடிப் பேழை: காட்சிக்கா, காவலுக்கா?

முன்னோர் விட்டுச் சென்ற ஏடுகளையும் பொருள்களையும் இளந்தலைமுறையினர் காண வைக்க வேண்டும் என்னும் விழைவு நம்மிடையே பெருகி வருகின்றது. கல்லூரிகள் வெள்ளி விழாவும் பொன்விழாவும் எடுக்குங்கால் கண்காட்சி ஒன்று தவறாது இடம்பெறுகின்றது. ஊர்ப் பெரியவர்கள் தம் இல்லத்துப் பெட்டகங்களைத் திறந்து ஓலைச்சுவடிகளையும், அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளையும், பழைய வாணிகக் கணக்கேடுகளையும் மனமுவந்து தருகின்றனர். இவ்விழைவு போற்றத்தக்கதே. எனினும், அவ்வாறு பெற்ற பொருளை எதனுள் வைக்கின்றோம் என்னும் வினாவை நாம் எழுப்புவதே இல்லை. தச்சரை அழைத்து, "நான்கடி நீளத்தில் அழகாக ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து தாருங்கள்" என்று சொல்வதோடு நம் கடமை முடிந்ததாக எண்ணி விடுகின்றோம்.

இதனை எழுதும் உரிமை நமக்கு எவ்வாறு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிலையத்தில் இத்தகைய கண்காட்சி ஒன்றை அமைத்தோருள் நாமும் இருந்தோம். கடலோர ஊர்ப் பெரியவர் ஒருவர், தம் பாட்டனார் கைப்பட எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றைத் தந்தார். கரிய மையில் எழுத்தும், சிவந்த மையில் தலைப்புகளுமாக அது கண்ணைக் கவர்ந்தது. அதன் மிக அழகிய இரு பக்கங்களை விரித்து, புதிதாகச் செய்த பேழையில், மேற்குச் சன்னலை நோக்கி வைத்தோம். விழா முடிந்தது, பேழை அங்கேயே நின்றது. ஐந்தாண்டுகள் கழிந்து திரும்பக் கொடுக்க எடுத்தபோது, மூடியிருந்த பக்கங்கள் நேற்று எழுதியவை போல் இருந்தன. விரித்து வைத்த இரு பக்கங்களிலோ சிவப்புத் தலைப்புகள் இருந்த சுவடே இல்லை. தாள் பழுப்பேறி நொறுங்கத் தொடங்கியிருந்தது. பெரியவர் சினக்கவில்லை. "அமானிதமாத் தந்தேன் சார், இந்த ரெண்டு பக்கத்தையும் இனி யார்கிட்டப் போய்க் கேப்பேன்?" என்று மட்டும் கேட்டார். அவ்வினாவுக்கு இன்றுவரை நம்மிடம் விடை இல்லை.

வல்லரசும் இழைத்த பிழை

இப்பிழையை அறியாதோர் மட்டுமே செய்வர் என்று எண்ண வேண்டா. அமெரிக்க நாட்டின் பிறப்புச் சான்று எனத்தக்க 1776-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம், 1841 முதல் 1876 வரை ஏறத்தாழ 35 ஆண்டுகள், வாஷிங்டன் நகரின் காப்புரிமை அலுவலகக் கட்டடத்தில் சன்னலுக்கு எதிரே தொங்கவிடப்பட்டிருந்தது. மக்கள் காண வேண்டும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். விளைவு யாது? இன்று அத்தோலாவணத்தின் முன் நிற்போர், கையொப்பங்களுட் பலவற்றைப் படித்தறிய இயலாது தவிக்கின்றனர்.

பின்னர் அந்நாட்டார் விழித்துக் கொண்டனர். 1950-களின் தொடக்கத்தில் ஹீலியம் வாயு நிரப்பி, காற்றுப் புகாது மூடிய கண்ணாடிப் பேழையில் அதனை வைத்தனர். அறிவியல் அறிந்தோர் அமைத்த பேழையே அது. ஆயினும் 1990-களில் ஆய்ந்தபோது கண்ணாடியின் உட்பரப்பிலேயே நுண்ணிய சிதைவுகள் தோன்றியிருக்கக் கண்டனர். ஆவணத்தின்மேல் கண்ணாடி நேராகப் படிந்திருந்தமை கவலையை மிகுவித்தது. எனவே 2003-இல் புதிய பேழை பயன்பாட்டுக்கு வந்தது. டைட்டானியச் சட்டம், அலுமினிய அடித்தளம், உள்ளே அளவான ஈரம் சேர்த்த ஆர்கான் வாயு என்பன அதன் உறுப்புகள். எல்லாவற்றினும் முதன்மையானது, கண்ணாடி ஆவணத்தைத் தொடாதவாறு இடைவெளி விடப்பட்டதாகும். ஒரு பேழையைச் செய்து வைத்துவிட்டால் போதாது, அதனையும் கண்காணிக்க வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

நம் நாடும் இதில் பின்தங்கிவிடவில்லை. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா அழகுற எழுத, நந்தலால் போஸும் சாந்திநிகேதன் ஓவியர்களும் அணி செய்த இந்திய அரசியல் சாசனத்தின் மூலப்படி, 1990-களில் ஆக்சிஜன் நீக்கி, வினைபுரியாத வாயு நிரப்பிய தனிப்பேழையில் வைக்கப்பட்டது. இத்தகைய பேழைகள் நம் கல்லூரிகளின் கைக்கு எட்டாதவை என்பது உண்மை. ஆனால் அவற்றின் பின்னுள்ள அறிவு கைக்கு எட்டாததன்று.

ஒளி என்னும் கள்வன்

பொருளைக் காட்டுவது ஒளி. பொருளை அழிப்பதும் ஒளியே. ஏடு, தாள், சாயத்துணி ஆகியவற்றின்மேல் விழும் ஒளி 50 லக்ஸ் அளவை மிஞ்சலாகாது என்பது அருங்காட்சியகத் துறையில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் வரையறை. நேர் வெயிலின் அளவோ ஏறத்தாழ ஓர் இலட்சம் லக்ஸ் ஆகும். 50 லக்ஸ் ஒளியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டில் 300 நாள் காட்சிக்கு வைத்தால் ஓர் ஏடு பெறும் மொத்த ஒளியை, வெயில் ஒன்றேகால் மணிப்பொழுதில் அதன்மேல் கொட்டிவிடும். ஒளியால் விளையும் கேடு சிறுகச் சிறுகச் சேர்வது. இருட்டில் எடுத்து வைத்தாலும் போன நிறம் மீளாது.

ஆகவே பேழையின் வடிவமைப்பு தச்சுப் பட்டறையில் தொடங்குவதன்று. அது நிற்கப்போகும் இடத்தில் தொடங்குவது. சன்னலை நோக்காத சுவரே பேழைக்குரிய இடம். குழல்விளக்கைப் பேழைக்குள்ளேயே பொருத்தும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். விளக்கின் வெப்பம் உள்ளிருக்கும் காற்றை உலர்த்தும். விளக்கை அணைத்தபின் ஈரம் மீண்டும் ஏறும். நாள்தோறும் நிகழும் இவ்வேற்ற இறக்கத்தால் தாளும் ஓலையும் விரிந்து சுருங்கித் தளர்ந்து போகின்றன. பகலில் குளிர்சாதனத்தை இயக்கி இரவில் நிறுத்தும் அறைகளிலும் இதே தீங்கு நேர்கின்றது. மங்கலான எல்.இ.டி. விளக்கை வெளியிலிருந்து சாய்வாகப் பாய்ச்சுவதே தக்கது.

மரத்தின் மூச்சு

தேக்கில் இழைத்து வார்னிஷ் பூசிய பேழை நம் கண்ணுக்கு மதிப்பாகத் தோன்றுகின்றது. ஆனால் மரம் மூச்சுவிடுகின்றது என்பதை நாம் அறிவதில்லை. 1899-இல் பைன் என்னும் ஆங்கிலேயர், மரப்பேழைகளில் சேர்த்து வைத்த கிளிஞ்சல்கள் வெண்பூச்சுப் பூத்து உதிர்வதைக் கண்டு எழுதினார். அது நுண்ணுயிரியால் வரும் நோய் என்று அவர் கருதினார். பின்வந்தோர், மரத்திலிருந்து வெளிப்படும் அமில ஆவியே அதற்குக் காரணம் எனக் கண்டனர். காக்க வைத்த பெட்டியே கரைத்துக் கொண்டிருந்தது! பிளைவுட்டும் அதில் சேரும் பசையும் இவ்வகை ஆவிகளை இன்னும் மிகுதியாக வெளிவிடக் கூடியவை.

இதனால்தான் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சார்ந்த ஆண்ட்ரூ ஆடி 1973-இல் எளிய சோதனை ஒன்றை வகுத்தளித்தார். பேழைக்குப் பயன்படுத்தவிருக்கும் மரத்தையோ துணியையோ பசையையோ சிறிதளவு எடுத்து, வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் சிறு தகடுகளோடும் சிறிது நீரோடும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 28 நாள் வைப்பர். தகடுகள் கறுத்தாலோ அரித்தாலோ அப்பொருள் பேழைக்கு ஆகாது. வேதியியல் துறையுள்ள எந்தக் கல்லூரியும் இதனைச் செய்ய இயலும். தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் கைகோக்க இதனினும் நல்வாய்ப்பு யாதுளது?

எளிய பேழைக்கு இலக்கணம்

பெரும்பொருள் செலவிடாமலே நல்ல பேழையை நாம் அமைத்துக் கொள்ளலாம். சட்டம் மரமாக இராமல், வண்ணம் சுட்டுப் பதித்த இரும்பாகவோ அலுமினியமாகவோ இருத்தல் நன்று. கண்ணாடி, இரு தகடுகளுக்கிடையே படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடியாக இருக்க வேண்டும். அது உடைந்தாலும் உதிர்ந்து ஏட்டின்மேல் விழாது; புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியையும் தடுத்துவிடும். இடுக்குகளை அடைக்கும் சிலிகோனில் ஒருவகை, உலரும்போது காடி நெடி வீசும், அந்நெடியே அமிலம். நெடியற்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பேழை முடிந்தபின் சில வாரங்கள் திறந்து வைத்து, நாற்றம் முற்றும் நீங்கிய பின்னரே பொருளை உள்ளே வைக்க வேண்டும். ஏட்டின்கீழ் விரிக்கச் சாயம் ஏற்றிய வெல்வெட் வேண்டா. துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும்.

காட்சித் தட்டின் கீழே, தனிப்பூட்டுடன் ஓர் இழுப்பறை அமைத்து, அதில் சிலிக்கா ஜெல் வைக்கலாம். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் படரும். 40-க்குக் கீழே நெடிது நின்றால் ஓலை முறியும். சிறிய ஈரமானி ஒன்றைப் பேழைக்குள் வைத்து அதன் அளவைக் குறித்து வந்தால் நிலைமை விளங்கும். செப்பு நாணயங்களையும் ஏட்டையும் ஒரே பேழையில் வைத்தலும் தவறு. உப்புப் படிந்த செம்பும் வெண்கலமும் ஏட்டுக்குத் தேவையான ஈரத்திலேயே அரிக்கத் தொடங்கும். 1851-இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகம், 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக்கெனத் தனி ஆய்வகம் கண்டது. வெண்கலத் திருமேனிகளைப் பற்றிய அரிப்பு நோய் அதற்கொரு காரணமாயிற்று. வழிகாட்டுவோர் நம் மாநிலத்திலேயே நெடுங்காலமாக உள்ளனர், நாம்தாம் கேட்பதில்லை.

நூலை முழுதும் விரித்துக் கட்டி வைத்தலும் ஆகாது. முதுகு தாங்குமளவுக்கே விரித்து, இருபுறமும் சாய்வுத் தாங்கி கொடுக்க வேண்டும். சில மாதங்களுக்கொருமுறை பக்கம் மாற்றுதலும், ஓராண்டுக்குள் நூலை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு அதன் நகலை வைத்தலும் கடைப்பிடிக்கத் தக்கன. அன்று நாம் இதனை மட்டும் செய்திருப்பின், அப்பெரியவரின் இரு பக்கங்களும் பிழைத்திருக்கும்.

பூட்டி வைப்பதும் காவலன்று

"இத்துணை இடர் இருக்கையில் எதற்குக் காட்சி? பெட்டகத்திலேயே இருக்கட்டுமே" என்பார் உளர். அவர்தம் அச்சம் நியாயமானதே. ஆயினும் பெட்டகத்தில் கரையானும் இராமபாணப் பூச்சியும் உண்டு. அவற்றினும் கொடியது மறதி. எவரும் காணாத ஏட்டின் அருமையை எவரும் அறியார். அருமை அறியாதோர் கைக்கு அது சேரும் நாளில் பழைய தாள் கடைக்குச் செல்லும். கண்ட பொருளின்மீதே அன்பு பிறக்கும். அன்பு பிறந்த இடத்தில்தான் காவல் நிலைக்கும். எனவே காட்டவும் வேண்டும், காக்கவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்வதற்காகத் தோன்றியதே கண்ணாடிப் பேழை. காட்டுவதற்கு மட்டும் என்று செய்தால் அது கடையின் அலமாரியாகிவிடும்.

ஆகவே, கண்காட்சி அமைக்க முற்படும் துறையினர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. விழா நாளைக் குறிக்குமுன் பேழையைக் குறித்துச் சிந்தியுங்கள். பொருளைப் பெறுமுன் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரு படியைத் தந்தவரிடமே கொடுங்கள். திறவுகோல் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். திறந்த நாளும் மூடிய நாளும் பதிவேட்டில் ஏறட்டும். திருப்பிக் கொடுக்கும் நாளையும் அப்பொழுதே எழுதி வையுங்கள். தக்க பேழை அமைக்க இயலாதெனில் மூலத்தை வாங்காதீர்கள். நல்ல நகலை வைத்துக் காட்டுங்கள். அதில் இழிவொன்றும் இல்லை.

ஒருவர் தம் பாட்டனாரின் கையெழுத்தை நம்மிடம் தருகையில், அவர் தருவது தாளை அன்று. பெற்றவாறே திருப்பித் தர இயலுமா என்று அறிந்த பின்னரே நாம் கை நீட்ட வேண்டும்.