வீட்டுப் பள்ளிக்கும் ஒரு சனிக்கிழமை வேண்டும்

கோபர்கைரனே பக்கம் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. காரணம் ஆளுக்கு ஒன்று. அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு மாற்றல், பெண்ணுக்குப் பாட்டு, பையனுக்கு செஸ், இல்லாவிட்டால் பள்ளிக்கூடமே ஒத்துவரவில்லை. காரணத்தை விட்டுவிடுவோம். எட்டாவது வரை எப்படியோ ஓடிவிடுகிறது. ஒன்பதாவதில்தான் வண்டி திணறுகிறது.

பாடத்திட்டம் இல்லாமலா திணறுகிறது? இல்லை. அதற்கு என்.ஐ.ஓ.எஸ். இருக்கிறது. 1979-ல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-ல் தனி நிறுவனமான மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது முடிந்தால் பத்தாவதுக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும். வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் பொதுத்தேர்வு. பதிவு ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. பாடப் புத்தகமெல்லாம் இணையத்தில் இலவசம்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? சிக்கலும் அதில்தான். ஒன்பது வாய்ப்பு உள்ள பதினான்கு வயதுப் பையனுக்கு இந்த வாரம் எதற்காகப் படிக்க வேண்டும்? ‘அடுத்த முறை எழுதிக்கலாம்ப்பா’ என்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நமக்கே ஆபீஸில் டெட்லைன் இல்லாவிட்டால் எத்தனை வேலை நகரும்?

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். உயர்நிலை வகுப்பில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தேவை இன்னொரு கோச்சிங் அல்ல. வாரத்தில் ஒரு நாள், அவன் எழுதியதைப் படிக்க வெளியாள் ஒருவர் காத்திருக்க வேண்டும். அந்த வெளியாள் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கக் கூடாது.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வாஷி, ஐரோலி, கோபர்கைரனே, செம்பூர் என்று நான்கைந்து குடும்பம் சேர்ந்தால் ஆச்சு. செம்பூர்க்காரர்கள் வாஷியில் இறங்கி தாணே வண்டி மாறினால் வந்துவிடலாம். திங்கட்கிழமை பாடத்துக்கு ஒரு கேள்வி. சனிக்கிழமை கையால் எழுதிய ஒரு பக்கம். உங்கள் பையனின் கணக்கை நான் திருத்துகிறேன், என் பெண்ணின் அறிவியலை நீங்கள் திருத்துங்கள். திருத்தியதும் ஐந்து நிமிஷம் அதைப் பற்றிப் பிள்ளை வாயால் விளக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் டி.எம்.ஏ. என்று ஓர் ஒப்படைப்பு உண்டு. அதற்கு 20 சதவீத மதிப்பு. அதற்கு விடை எழுதியே இணையத்தில் விற்கிறார்கள். இப்போது ஏ.ஐ. வேறு வந்துவிட்டது. தாளை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், விளக்கம் சொல்லும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

அம்மா திருத்தினால் என்ன என்கிறீர்களா? பெரும்பாலான வீட்டில் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது அம்மாதான். ‘இந்தக் கணக்கு தப்பு’ என்று சொன்ன அதே வாயால் ‘சாப்பிட வா’ என்று கூப்பிட வேண்டும். மதியம் ஆரம்பித்த சண்டை ராத்திரி சாப்பாடு வரை நீளும். அடுத்த வீட்டு மாமா சிவப்பு மையில் சுழித்தால் பிள்ளை கோபப்படாமல் திருத்தி எழுதுவான். அம்மாவுக்கும் வாரத்தில் ஒரு நாள் வெறும் அம்மாவாக இருக்கக் கிடைக்கும்.

இது ஒன்றும் புதுசு இல்லை. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தானே, வாத்தியாருக்கு அடுத்தபடி சின்னப் பிள்ளைகளின் பாடத்தைக் கேட்பவன். ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலேயத் திருச்சபைப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதை விடுதிப் பள்ளியை நடத்தியபோது, பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். அங்கே அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். நம் குழுவிலும் பதினொன்றாவது படிக்கும் அக்கா, ஒன்பதாவது தம்பியின் தாளை முதலில் பார்க்கட்டும். பாதி சந்தேகம் அங்கேயே தீரும். அக்காவுக்கும் பழைய பாடம் மறக்காது.

இன்னொரு லாபமும் இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். பத்தாவதில் தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி உண்டு, கோபர்கைரனேப் பிள்ளைக்கு அது எட்டாத தூரம். இங்கே இருப்பவர்கள் மராத்தி படிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தமிழையும் சேர்த்துக்கொள்ள இது ஒரு வழி. வாரம் ஒரு பக்கம் தமிழ். ‘ஆச்சி எப்படி பம்பாய் வந்தாங்க?’ என்று ஒரு கேள்வி கொடுத்துப் பாருங்கள். பதிலுக்காகப் பிள்ளை ஊருக்குப் போன் போட்டே ஆக வேண்டும். பாட்டி இருக்கும்போதே அந்தப் பக்கம் எழுதப்பட வேண்டும், அதற்கு ஒன்பது வாய்ப்பு கிடையாது.

‘பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததே இதெல்லாம் வேண்டாம் என்றுதானே’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாரத்தில் மூன்று மணி நேரம், மதிப்பெண் இல்லை, ரேங்க் இல்லை, சீருடை இல்லை. இதைப் பள்ளிக்கூடம் என்று சொன்னால் பள்ளிக்கூடமே சிரிக்கும். சுதந்திரமாகப் படித்தாலும் வெளியுலகம் ஒரு தாளைக் கேட்கத்தான் செய்கிறது. மும்பையில் வீட்டிலேயே படித்த மாளவிகா ஜோஷி, சர்வதேச இன்ஃபர்மேடிக்ஸ் ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கி 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். பன்னிரண்டாவது சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி. கதவு திறக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒலிம்பியாட் பதக்கம் வராது. நம் பிள்ளைகளுக்குத் தேர்வுதான் கதவு, அதற்குப் போகும் படிக்கட்டு வாரம் ஒரு பக்கம்.

நவி மும்பைப் பக்கம் இப்படி யாராவது செய்கிறீர்களா? எந்தக் கிழமை, யார் எந்தப் பாடம் பார்க்கிறீர்கள், எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்களேன். கணக்கு திருத்த நான் தயார். வேதியியல் பார்க்கத்தான் ஆள் தேவை!